கடல்நீரும் வினையூக்கியும்

மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கொடைக்கானலுக்கு மேற்கே, பழனி மலைத்தொடரின் மேல்தளத்தில், மன்னவனூர் என்னும் சிற்றூர் உள்ளது. புல்வெளிகளும், படிப்படியாக அமைந்த தோட்டங்களும், ஏரியும் சூழ்ந்த அவ்வூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. அங்கு நின்று நோக்குவார்க்குக் கடல் கண்ணுக்குத் தோன்றாது. ஆயினும் கடல் அங்கே வந்து வந்து போகின்றது. கதிரவன் வெம்மையால் கடலினின்று எழும் நீராவி மேகமாகிறது; மேகம் மலையிற் படிந்து மழையாகப் பொழிகின்றது. பழனி மலையின் வடசரிவில் இறங்கும் ஓடைகள் பல அமராவதியிற் கூடிக் காவிரி வழியாக மீண்டும் கடலையே சேர்கின்றன. உப்பைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு, நன்னீரை மட்டும் மலைக்கு அனுப்புவது கடலின் இயல்பாகும்.

மன்னவனூர்த் தோட்டங்களில் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு முதலியன விளைகின்றன. இத்தகைய பயிர்களுக்கு இடும் யூரியா எவ்வாறு கிடைக்கின்றது? யூரியா ஆக்குவதற்கு அம்மோனியா வேண்டும். அம்மோனியா ஆக்குவதற்கு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் வேண்டும். நைட்ரஜன் காற்றிலேயே நிரம்ப உண்டு. ஹைட்ரஜனோ பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்து எடுக்கப்படுகின்றது. அவ்வாறு ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கும்பொழுது ஒன்பது பத்துக் கிலோ கரியமில வாயு வெளிப்பட்டு வானிற் கலக்கின்றது. அவ்வாயு மிகுந்தால் புவியின் வெப்பம் மிகும். வெப்பம் மிகுந்தால் பருவமழை பிறழும். மழையை நம்பி வாழும் உழவர் இடும் உரமே அம்மழைக்கு ஊறு விளைப்பதாக முடிகின்றது. இம்முரண்பாட்டை நீக்க வேண்டுமானால், கரியமில வாயு வெளிப்படாத வகையில் ஹைட்ரஜனைப் பெறுதல் வேண்டும். நீரிலிருந்து அதனைப் பிரித்தல் அதற்கு ஒரு வழி. அந்நீரைக் கடலிலிருந்தே கொள்ளக் கூடுமா என்பதே இன்று அறிஞர் பலர் ஆராய்ந்துவரும் வினாவாகும்.

ஹைட்ரஜன் தனிப்பொருள் என்பதை 1766-இல் ஆங்கில அறிஞர் ஹென்றி காவெண்டிஷ் கண்டறிந்தார். தீப்பற்றும் காற்று என்று அவர் அதனை வழங்கினார். அது எரியும்பொழுது நீர் தோன்றுவதைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் இலவாசியே, ‘நீரைப் பிறப்பிப்பது’ என்னும் பொருள்பட அதற்கு ஹைட்ரஜன் என்று பெயர் சூட்டினார். அதனை நீரகம் என நம்மவர் தமிழில் வழங்குவதும் அப்பொருள் பற்றியே ஆகும். 1800-இல் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் நீரினுள் மின்சாரத்தைச் செலுத்தி, அதனை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டினர். இதற்கு மின்பகுப்பு என்பது பெயர். மின்பகுப்பில் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும், நேர்மின்வாயில் ஆக்சிஜனும் குமிழிகளாக எழும்.

எடைக்கு எடை ஒப்புநோக்கினால், பெட்ரோல் தரும் வெப்பத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தை ஹைட்ரஜன் தரும். எரிந்தபின் எஞ்சுவது நீரே. கரியும் இல்லை, கரியமில வாயுவும் இல்லை. எனினும் ஒன்றை மறத்தலாகாது. நீர் எரிபொருள் அன்று. அது முன்னரே எரிந்து முடிந்த ஹைட்ரஜன் ஆகும். சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமானால் வெளியிலிருந்து ஆற்றல் தந்தாக வேண்டும் அன்றோ? அவ்வாறே நீரைப் பகுக்கவும் மின்னாற்றல் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜன் பெறுவதற்கு ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் செலவாகின்றது. அம்மின்சாரம் நிலக்கரியை எரித்துப் பெறப்படுமாயின், ஒரு புகையை விலக்கி மற்றொரு புகையை வளர்த்தவராவோம். கதிரவனும் காற்றும் தரும் மின்சாரமே இதற்கு ஏற்றது. பழனி மலைக்கு வடக்கே உடுமலைப்பேட்டைச் சமவெளியில் காற்றாலைகள் பல நிற்கின்றன. ஆடிக்காற்றில் அவை விரைந்து சுழலும். காற்று ஓய்ந்த திங்களில் அயர்ந்து நிற்கும். மிக்க காலத்து மின்சாரத்தைக் குறைந்த காலத்துக்குச் சேமித்து வைக்கும் களஞ்சியமாக ஹைட்ரஜன் பயன்படும்.

ஒரு கிலோ ஹைட்ரஜன் பெறுவதற்குப் பகுக்க வேண்டிய நீரின் அளவு ஏறத்தாழ 9 லிட்டர். தூய்மை செய்வதிலும் குளிர்விப்பதிலும் கழியும் நீர் இதற்குப் புறம்பு. கோடைதோறும் குடத்துடன் காத்திருக்கும் ஊர்கள் மலிந்த நாட்டில் குடிநீரை எரிபொருளுக்கு ஈவது முறையாகுமா? உலகிலுள்ள நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு கடல்நீரே. எஞ்சிய சிறு பங்கிலும் பெரும்பகுதி பனிப்பாறையாக உறைந்து கிடக்கின்றது. ஆதலின் அறிஞர் கண் கடலின்மேற் சென்றது இயல்பே.

ஆனால் கடல்நீர் எளிதில் இசையும் பொருள் அன்று. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் குளோரைடு மட்டும் 19 கிராம். இவ்வுப்புகளால் மின்பகுப்புக்கு மூன்று இடையூறுகள் விளைகின்றன. முதலாவது, நேர்மின்வாயில் ஆக்சிஜனுக்கு மாறாகக் குளோரின் என்னும் நச்சுவாயு எழுகின்றது. இரண்டாவது, குளோரைடு உலோகத்தை அரித்துத் தின்கின்றது. மூன்றாவது, கடல்நீரிலுள்ள மக்னீசியமும் கால்சியமும் எதிர்மின்வாயில் வெண்ணிறப் படிவாகப் படர்ந்து அதனை மூடிவிடுகின்றன. வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் உப்புப் படிந்திருப்பதை நாம் கண்டிருக்கின்றோம், இதுவும் அத்தகையதே.

கடல் இரும்பை அரிக்கும் திறத்துக்குப் பாம்பன் சான்று பகரும். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் உப்புக்காற்றுடன் நூறாண்டுக்கு மேல் போராடியது. பழுது மிகுந்தமையால் 2022 டிசம்பரில் அதன்மீது இரயில் செல்லுதல் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. காற்றில் கலந்த உப்பே இத்துணைக் கேடு செய்யுமாயின், கடல்நீரில் மூழ்கி, மின்சாரமும் பாயப்பெற்று நிற்கும் உலோகத்தகட்டின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

குளோரினையும் விற்றுப் பயன் பெறலாமே என்று சிலர் வினவலாம். உப்புநீரைப் பகுத்துக் குளோரினும் எரிசோடாவும் ஆக்கும் தொழில் நம் நாட்டில் உள்ளதே. ஆனால் இங்கே அளவு மிகப் பெரிது. ஒரு கிலோ ஹைட்ரஜனுடன் 35 கிலோவுக்கு மேற்பட்ட குளோரின் எழும். இந்திய அரசு 2023 சனவரியில் ஏற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் 2030-க்குள் ஆண்டுதோறும் 50 இலட்சம் டன் ஹைட்ரஜன் ஆக்க வேண்டும் என்று குறிக்கோள் கொண்டுள்ளது. அதனை இவ்வழியிற் பெற முயன்றால், உலகம் முழுவதும் ஓராண்டில் ஆக்கும் குளோரினைவிட மிகுந்த குளோரின் நம் நாட்டில் மட்டும் குவியும். அதனை எங்கே வைப்பது? ஆதலின் குளோரின் எழாமற் காத்தலே செய்யத்தக்கது. அக்காவலுக்கு உரியதே வினையூக்கி.

வினையூக்கி என்பது யாது? ஒரு வேதிவினையை விரைந்து நிகழச் செய்து, தான் அவ்வினையிற் செலவாகாமல் எஞ்சி நிற்கும் பொருளே வினையூக்கி எனப்படும். சங்க அகப்பாடல்களில் வரும் தோழி தலைவனையும் தலைவியையும் கூட்டுவித்துத் தான் விலகி நிற்பாள். வினையூக்கியும் அத்தகைய பண்புடையது. 1823-இல் செர்மானிய அறிஞர் டோபரைனர், பிளாட்டினத்தின்மீது ஹைட்ரஜனைப் பாய்ச்சினால் அது காற்றிலேயே தீப்பற்றுவதைக் கண்டார். இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, 1835-இல் சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ் வினையூக்கத்துக்குத் தனிப்பெயர் அமைத்தார்.

மலைவழி அறிந்தார்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஓர் ஊரினர், ஊரைவிட உயர்ந்த இடத்தில் உள்ள சந்தைக்கு மூட்டை சுமந்து செல்ல வேண்டும் என்று கொள்வோம். அவ்வுயரத்தை ஏறியே தீர வேண்டும். அதிற் குறைத்தற்கு வழியில்லை. ஆனால் ஊருக்கும் சந்தைக்கும் இடையே சந்தையினும் உயர்ந்த முகடு ஒன்று நிற்கின்றது. அதன்மேல் ஏறிப் பின்னர் இறங்குவது வீண் உழைப்பு. வழி தெரிந்த ஒருவர் முகட்டின் இடையே உள்ள கணவாயைக் காட்டினால் அவ்வீண் உழைப்புப் பெரிதும் குறையும். ஊரும் இடம் பெயரவில்லை. சந்தையும் இடம் பெயரவில்லை. வழி மட்டுமே மாறியது. நீரைப் பகுக்க 1.23 வோல்ட் மின்னழுத்தம் கட்டாயம் வேண்டும். அது சந்தையின் உயரம். அதற்குமேல் வேண்டியிருக்கும் அழுத்தம் முகட்டின் உயரம். வினையூக்கி காட்டுவது கணவாய்.

கடல்நீரில் நேர்மின்வாயின் முன்னே இத்தகைய வழிகள் இரண்டு உள்ளன. ஒன்று ஆக்சிஜன் எழும் வழி. மற்றொன்று குளோரின் எழும் வழி. ஆக்சிஜன் எழ 1.23 வோல்ட்டும், குளோரின் எழ 1.36 வோல்ட்டும் வேண்டும். உயரத்தை மட்டும் நோக்கினால் ஆக்சிஜனே முந்த வேண்டும். ஆயினும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்க நான்கு எலக்ட்ரான்கள் கைமாற வேண்டும். குளோரினுக்கு இரண்டே போதும். ஆகவே ஆக்சிஜன் வழி தாழ்ந்ததாயினும் கல்லும் முள்ளும் நிறைந்தது. குளோரின் வழி சற்று உயர்ந்ததாயினும் செம்மையானது. வழிப்போக்கர் செம்மையான வழியையே நாடுவர்.

இதனை மாற்ற அறிஞர் இரு செயல் செய்கின்றனர். கடல்நீருடன் காரத்தைச் சேர்த்தால் இவ்விரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 0.48 வோல்ட்டாக விரிகின்றது. பின்னர், ஆக்சிஜன் வழியிலுள்ள கல்லையும் முள்ளையும் அகற்றும் வினையூக்கியை நேர்மின்வாயில் அமைக்கின்றனர். அந்த 0.48 வோல்ட் இடைவெளிக்குள்ளேயே ஆக்சிஜன் எழுந்துவிடுமாயின், குளோரின் வழி திறக்க இடமே நேராது.

அத்தகைய வினையூக்கி எதனால் ஆக்கத்தக்கது? தூய நீரைப் பகுக்கும் கருவிகள் சிலவற்றில் பிளாட்டினமும் இரிடியமும் பயன்படுகின்றன. இரிடியம் உலகம் முழுவதிலும் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் குறைவாகவே கிடைக்கின்றது. அதனை நம்பிப் பல நாடுகளின் தேவையை நிறைவேற்றல் இயலாது. நிக்கலும் இரும்பும் எளிதிற் கிடைப்பவை. அவ்விரண்டும் கூடிய ஐதராக்சைடு ஆக்சிஜன் எழுவதற்கு நல்ல வினையூக்கி எனக் கண்டனர். ஆனால் குளோரைடு அதனை அரித்தது. 2019-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நிக்கல் நுரையின்மீது முதலில் நிக்கல் சல்பைடையும், அதன்மீது நிக்கல் இரும்பு ஐதராக்சைடையும் போர்த்தனர். மின்சாரம் பாயும்பொழுது சல்பைடினின்று தோன்றிய சல்பேட்டு எதிர்மின்னேற்றம் உடையது. குளோரைடும் அவ்வேற்றமே உடையது. ஓரின மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் ஆதலின், குளோரைடு வாயிலிலேயே தடுக்கப்பட்டது. அம்மின்வாய் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் அழியாது நின்றது.

2022-இல் சீன நாட்டு அறிஞர் வேறொரு நெறியைக் கையாண்டனர். நீராவியை மட்டும் விட்டு, நீரையும் உப்பையும் தடுக்கும் திரை ஒன்றைக் கருவியின் வாயிலில் அமைத்தனர். ஷென்சென் கடலிலிருந்து எடுத்த நீரில் அக்கருவி 3,200 மணி நேரம் இயங்கிற்று. கதிரவன் கடலின்மீது செய்யும் தொழிலையே அத்திரை சிறிய அளவிற் செய்தது எனலாம். 2023-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தார், கோபால்ட்டு ஆக்சைடின்மீது குரோமியம் ஆக்சைடைப் படியச் செய்து, காரம் சேர்க்காத கடல்நீரையே பகுத்துக் காட்டினர். வினையூக்கியின் மேற்பரப்பில் மட்டும் காரத்தன்மை தானே மிகுமாறு அமைத்ததே அவர்கள் கண்ட நுட்பம்.

நம் தமிழகமும் இம்முயற்சியிற் பின்தங்கவில்லை. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியல் துறையில் பேராசிரியர் இராமபிரபு தலைமையில் அமைந்த குழுவினர், காரம் கலந்த கடல்நீரைப் பகுக்கும் கருவி ஒன்றை 2023-இல் வெளியிட்டனர். அரிப்புக்கு ஈடுகொடுக்கும்பொருட்டு உலோகத்துக்கு மாறாகக் கரியைத் தாங்கியாகக் கொண்டனர். அதன்மீது இரு உலோகங்கள் சேர்ந்த வினையூக்கியை அமைத்தனர். இரு வாயுக்களும் ஒன்றோடொன்று கலவாதபடி செல்லுலோசினால் ஆன மலிவான திரையை இடையில் வைத்தனர். கதிரொளியிற் பெற்ற மின்சாரத்தைக் கொண்டே அதனை இயக்கினர்.

மின்வேதியியலுக்கெனக் காரைக்குடியில் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருப்பதையும் இங்கு நினைத்தல் தகும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948 சூலை 25-ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 சனவரி 14-ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கடலின் அரிப்பை ஆராய அந்நிலையத்தார் மண்டபத்தில் ஒரு கிளையும் அமைத்தனர். வறண்ட நிலத்தில் ஒருவர் ஈந்த கொடை, பல தலைமுறைக்கு அறிவு விளையும் வயலாயிற்று.

இவ்விடத்தில் நடுநிலையோடு எண்ண வேண்டிய தடை ஒன்று உண்டு. ‘கடல்நீரை முதலில் நன்னீராக்கிப் பின்னர்ப் பகுத்தால் என்ன? சென்னைக்கருகே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உப்பு நீக்கும் நிலையங்கள் உள்ளனவே!’ என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் போதும். அவ்வாறாயின் 9 லிட்டருக்கு ஆகும் செலவு ஒரு யூனிட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. மின்பகுப்புக்குச் செலவாகும் 50 யூனிட்டின் முன் இஃது ஒரு பொருட்டன்று. இக்கணக்குப் பொய்யன்று. ஆதலின் இன்று நிறுவப்படும் பெரிய ஆலைகள் தூய நீரையே கொள்கின்றன.

எனினும் கடல்நீர் வினையூக்கியைத் தேடும் உழைப்பு வீண் என்று தள்ளுதல் ஆகாது. நடுக்கடலில் நிற்கும் காற்றாலையிலும் செல்லும் கப்பலிலும் கருவிகள் எத்துணைக் குறைகின்றனவோ அத்துணை நன்று. அன்றியும், உப்பையும் அரிப்பையும் பொறுக்கும் மின்வாய், மாசு கலந்த எவ்வகை நீரிலும் நெடுநாள் உழைக்கும். இரிடியத்துக்கு மாறாக இரும்பையும் நிக்கலையும் கொண்டு பணி முடிக்கும் அறிவு எல்லா நாட்டார்க்கும் பொதுவாகப் பயன்படும். ஆனால் ஆயிரம் மணி நேரம் என்பது நாற்பத்திரண்டு நாளுக்கும் குறைவு. 3,200 மணி நேரம் நான்கரைத் திங்கள் அளவே. ஆலையில் நிறுவும் கருவியோ ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் இடையே உள்ள இத்தொலைவைக் கடப்பதே இனிச் செய்ய வேண்டிய பணியாகும்.

பொறுமையுடையார்க்கு இத்தொலைவு பெரிதன்று என்பதற்கு அம்மோனியாவின் வரலாறே சான்று. 1909-இல் ஹாபர் என்பவர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கூட்டி அம்மோனியா பெற்றபொழுது, அவர் கையாண்ட வினையூக்கி ஆஸ்மியம் என்னும் அரிய உலோகம். மிட்டாஷ் என்னும் வேதியியலார் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, சிறு கலப்புகள் சேர்ந்த இரும்பே அதற்குப் போதும் என்று கண்டார். 1913-இல் ஆலை இயங்கத் தொடங்கியது. அரிய உலோகம் செய்த வேலையை எளிய இரும்பு செய்தமையாலன்றோ உரம் உலகெங்கும் பரவிற்று?

தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில், மணிக்கு 10 கனமீட்டர் பசுமை ஹைட்ரஜன் ஆக்கும் முன்னோடி நிலையம் 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. தெருவிளக்கு எரிக்கவும் மின்வண்டிகளுக்கு ஆற்றல் ஊட்டவும் அது பயன்படுமாறு அமைந்துள்ளது. அளவிற் சிறிதாயினும், கடற்கரையில் ஏற்றிய முதல் விளக்காக அதனைக் கொள்ளலாம்.

ஆராய்ச்சிக்குப் பெருநகரே வேண்டும் என்பதில்லை. மன்னவனூரிலேயே செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சிக்கென மத்திய நிறுவனத்தின் கிளை ஒன்று 1965 முதல் நடைபெற்று வருகின்றது. சிற்றூரிற் பிறந்து இப்பாடத்தைப் படிக்கும் மாணவருள் ஒருவர் நாளை நிக்கலையும் இரும்பையும் எடுத்துக்கொண்டு, கடலுப்புக்கு அஞ்சாத மின்வாயை ஆக்கிக் காட்டலாம். அதற்கு வேண்டுவன கூர்ந்த நோக்கும், கணக்கிற் பிழையாமையும், நூறு முறை தவறினும் நூற்றோராம் முறை முயலும் உள்ளமுமே. அம்முயற்சி நிறைவேறும் நாளில், மேகமாக மலைக்கு வந்து பயிரை வளர்க்கும் கடலே, அப்பயிர்க்கு வேண்டிய உரத்துக்கும் தூய வித்தாக அமையும்.